மறுவெளியீட்டில் தொலையும் இரண்டாவது ஆட்டக்காரர்

ஒரு வீடியோ கேம் எந்தக் கருவிக்காக எழுதப்பட்டதோ, அந்தக் கருவி கடைகளிலிருந்து மறைந்த பிறகு, அதே விளையாட்டைப் புதிய கன்சோலில் ஓடும்படி செய்து மீண்டும் விற்பது மறுவெளியீடு எனப்படுகிறது. இதற்குப் பல வழிகள் உண்டு. பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதி, அதற்குள் பழைய விளையாட்டை மாற்றமின்றி ஓட்டுவது எமுலேஷன். மூல நிரலை எடுத்துப் புதிய கருவிக்கு ஏற்பத் திருத்துவது போர்ட். படத்தையும் ஒலியையும் கூர்மையாக்கித் தருவது ரீமாஸ்டர். அடியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவது ரீமேக். தனியாக ஆடும் விளையாட்டாக இருந்தால், இவற்றில் எதைச் செய்தாலும் வேலை ஏறக்குறைய அத்தோடு முடிந்துவிடும். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு அப்படியல்ல. அதில் பாதிதான் வட்டில் இருக்கிறது. மறுபாதி பக்கத்திலோ தொலைவிலோ உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதரிடம் இருக்கிறது. மறுவெளியீடுகளில் அதிகம் கைவிடப்படுவது இந்த மறுபாதிதான்.

சேர்ந்து ஆடுவதிலும் வகைகள் உண்டு. ஒரே திரையின் முன் அமர்ந்து, ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு ஆடுவது ஒன்று. ஒரே அறையில் உள்ள பல கருவிகளைக் கம்பியால் இணைத்து ஆடும் லேன் இன்னொன்று. இணையம் வழியே எங்கோ இருப்பவரோடு ஆடுவது மற்றொன்று. முதல் இரண்டுக்கும் எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டியதில்லை. மின்சாரமும் ஆளும் இருந்தால் போதும். இணைய ஆட்டத்துக்கோ ஒரு சர்வர் இரவு பகலாக ஓட வேண்டும். அதற்கான செலவை யாராவது கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுகிறவர் நிறுத்திவிட்டால், வாங்கிய வட்டு கையிலேயே இருந்தாலும் விளையாட்டு இல்லை.

தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு வீடியோ கேம் வந்து சேர்ந்த வரலாறு பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளின் வரலாறு. தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 15 லட்சம் பேர். நூற்றுக்கு 80 பேருக்கு மேல் கிராமங்களில் வாழ்பவர்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்கு 1990களில் வந்தது நிண்டெண்டோ அல்ல, அதன் நகல். ஜப்பானில் 1983இல் வெளியான ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட பெட்டிகள் மீடியா முதலிய பெயர்களில் இந்தியா முழுவதும் விற்றன. மக்கள் அதை ‘டிவி கேம்’ என்றார்கள்; உள்ளே செருகுவதைக் ‘கேசட்’ என்றார்கள். ஆன்டெனா கம்பி போகும் துளையில் இதன் கம்பியைச் செருகி, டிவியில் சேனலைத் தேடிப் பிடித்தால் ஆட்டம் தொடங்கும். 2006இல் மாநில அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது, அதுவரை அண்டை வீட்டு டிவியை நம்பியிருந்த பிள்ளைகளுக்கும் ஒரு திரை வாய்த்தது. அடுத்து வந்தவை பிளேஸ்டேஷன் 2 வைத்து மணிக்கணக்கில் வாடகை வாங்கிய கேம் சென்டர்கள். அவற்றை ஒட்டியே லேன் கம்பியில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஓடிய பிரவுசிங் சென்டர்கள். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் இந்த இரண்டாவது வகையைக் கல்லூரி விடுதி அறைகளுக்கே கொண்டுபோனது. பென்டிரைவில் கைமாறிய விளையாட்டை, இணையமே இல்லாமல் வைஃபை வழியே மடிக்கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து ஆட முடிந்தது.

அந்த டிவி கேமில் அதிகம் ஆடப்பட்டவற்றில் ஒன்று, எல்லோரும் ‘டேங்க்’ என்று அழைத்த பேட்டில் சிட்டி. நாம்கோ நிறுவனம் 1985இல் ஃபேமிகாமுக்காக வெளியிட்டது. திரையின் கீழே, செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம்; மேலிருந்து இறங்கும் 20 எதிரி டாங்கிகளையும் அழிக்கும்வரை அதைக் காப்பாற்ற வேண்டும். இருவர் ஆடும்போதுதான் இதன் அமைப்பு முழுவதும் புரியும். தோழரின் குண்டு பட்டால் டாங்கி சாகாது, சற்று நேரம் அசையாமல் நின்றுவிடும். அந்தச் சில நொடிகளில் எதிரி உள்ளே புகுந்தால் யார் மேல் குற்றம் என்று அங்கேயே வழக்கு நடக்கும். தன் கழுகைத் தானே சுட்டுவிடவும் முடியும். அதே டிவி கேமில் ஓடிய கான்ட்ரா என்ற விளையாட்டின் மூன்றாவது கட்டமான அருவியிலும் இதே நுட்பம் இருக்கிறது. அங்கே திரை பக்கவாட்டில் நகராமல் மேல்நோக்கி ஏறும். முந்தி ஏறுகிறவர் திரையை இழுத்துக்கொண்டு போனால், கீழே பின்தங்கியவர் செத்துப்போவார். ஆகவே வேகமாக ஆடத் தெரிந்தவர், தெரியாதவருக்காக ஒரு பாறை மேல் நின்று காத்திருக்க வேண்டும். எந்தக் கையேடும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது. ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட் பொத்தான்கூட இல்லை; ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் முதல் ஆட்டக்காரரால்தான் முடியும். அப்படியும் அந்த இரண்டாவது கன்ட்ரோலர் இல்லாமல் பெட்டி விற்கப்படவில்லை என்பது முக்கியம். பெட்டியைத் திறந்ததும் இருவர் ஆடலாம் என்பதே அந்தக் கருவியின் அடிப்படை.

இந்த வகை விளையாட்டுகளை மறுவெளியீடு செய்வது தொழில்நுட்ப அளவில் எளிது. கொனாமி 2019 ஜூனில் கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷனைப் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நிண்டெண்டோ ஸ்விட்ச் முதலியவற்றுக்கு வெளியிட்டது. பேட்டில் சிட்டி 2020இல் நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ் இரண்டாம் தொகுப்பில் வந்தது. எமுலேஷன் போதும், சர்வர் வேண்டாம். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். பெட்டிக்குள் இருந்தது ஒரே கன்ட்ரோலர். இரண்டாமவர் வேண்டுமென்றால் இன்னும் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்சோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கே வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வருவதை நம்ப வேண்டியிருந்தது. 30 ஆண்டுகளுக்கு முன் சில நூறு ரூபாய்ப் பெட்டியில் இருவர் ஆடியதை, இன்று பல ஆயிரம் ரூபாய்க் கருவியில் ஒருவர் ஆடுகிறார்.

ஒரே திரையை நான்காகப் பிரித்து ஆடும் வகையில் கோல்டன்ஐ 007 ஒரு மைல்கல். பிரிட்டனின் ரேர் நிறுவனம் நிண்டெண்டோ 64 கருவிக்காக 1997இல் செய்தது. உரிமைத் தகராறுகளால் நெடுங்காலம் முடங்கிக் கிடந்த இது 2023 ஜனவரி 27 அன்று ஒரே நாளில் இரண்டு கருவிகளில் திரும்பியது. எக்ஸ்பாக்ஸில் படம் கூர்மையாக இருந்தது, ஆனால் இணையம் வழியே சேர்ந்து ஆட வசதி இல்லை. ஸ்விட்சில் இணைய ஆட்டம் இருந்தது, அதற்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே அறையில் நால்வர் ஆடும் வசதி அப்படியே காப்பாற்றப்பட்டது. இதுவே சரியான வரிசை. முதலில் ஒரே அறை, பிறகு இணையம்.

எல்லோரும் இந்த வரிசையை மதிப்பதில்லை. 2001இல் வந்த முதல் ஹேலோ, நான்கு எக்ஸ்பாக்ஸ் கருவிகளைக் கம்பியால் இணைத்து 16 பேர் மோதிக்கொள்ளும் விளையாட்டாகப் பெயர் பெற்றது. அதே தொடரின் ஐந்தாம் பாகம் 2015இல் வந்தபோது திரையைப் பிரித்து ஆடும் வசதியே நீக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, இனி அப்படிச் செய்யமாட்டோம் என்று தயாரிப்பாளர்கள் வாக்களித்தார்கள். ஆனால் அடுத்த பாகத்துக்கு அறிவித்திருந்த திரைபிரிப்புக் கூட்டு ஆட்டத்தை 2022இல் கைவிட்டார்கள். முதல் ஹேலோவின் புதிய ரீமேக் 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதில் கதைப் பகுதியை ஒரே திரையில் இருவர் சேர்ந்து ஆடலாம். ஆனால் எந்த 16 பேர் மோதலால் அந்த விளையாட்டு ஊரெல்லாம் பேசப்பட்டதோ, அந்தப் பகுதி இல்லை. புதுப்பித்த சுவர்களும் புல்வெளிகளும் எவ்வளவு அழகாக இருந்தாலும், விளையாட்டின் ஒரு பாதி மட்டுமே திரும்பி வருகிறது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

இணையம் வழியே ஆடுவதில் தூரம் ஒரு தடை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும். தருமபுரியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப, எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 30 மில்லிநொடி ஆகும். நேர்க்கோட்டில் கேபிள் கிடையாது. வழியில் பல இடங்களில் நின்று மாறித்தான் போக வேண்டும். நடைமுறையில் அது இரண்டு மடங்கைத் தாண்டும். ஒரு சண்டை விளையாட்டு நொடிக்கு 60 படங்கள் காட்டுகிறது. ஒரு படத்துக்கு 17 மில்லிநொடிகூட இல்லை. எதிராளியின் குத்து திரையில் தெரிவதற்குள் நாலைந்து படங்கள் ஓடிவிடும் என்றால், தடுப்பது எப்படி? ஒரே டிவியின் முன் ஆடுவதற்காக எழுதப்பட்ட பழைய விளையாட்டுகளுக்கு இந்தத் தாமதம் தெரியாது. அவற்றை அப்படியே இணையத்தில் ஏற்றினால் ஆட்டம் சேற்றில் நடப்பதுபோல் ஆகிவிடும்.

இதற்கு மாற்று கண்டவர் ஒரு ஆட்டக்காரர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் ஒரு வடிவம் 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் மறுவெளியீடு கண்டபோது, அதன் இணைய ஆட்டம் மோசமாக இருந்தது. அதில் வெறுத்துப்போன டோனி கேனன் என்ற அமெரிக்க நிரலாளர் ஜிஜிபிஓ என்ற நிரலை எழுதினார். எதிராளி அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவார் என்று ஊகித்து இது ஆட்டத்தைத் தயங்காமல் நடத்தும். ஊகம் தவறினால் சில படங்கள் பின்னே போய்த் திருத்தி, மீண்டும் முன்னே ஓடும். கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. ரோல்பேக் என்ற இந்த முறைதான் இன்று சண்டை விளையாட்டுகளின் பொது அளவுகோல். 2019இல் கேனன் அந்த நிரலை யாரும் பயன்படுத்திக்கொள்ளும்படி திறந்துவிட்டார். கேப்காம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட மார்வெல் வெர்சஸ் கேப்காம் தொகுப்பு இந்த முறையோடுதான் வந்தது. மும்பையிலோ சென்னையிலோ சர்வர் வைக்காத விளையாட்டையும் ஓரளவு ஆடத்தக்கதாக்குவது இந்த வழி. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் சிக்னல் தேடி இடம் மாறி உட்காருகிறவருக்கு இதுவும் போதாது என்பது வேறு விஷயம்.

தூரம் போக, ஆள் பற்றாக்குறை என்ற சிக்கலும் உண்டு. மறுவெளியீடு வந்த வாரத்தில் கூட்டம் அலைமோதும். சில மாதங்களில் காத்திருப்பு அறை காலியாகும். இரண்டு நிலைக்கும் தயாராக இல்லாமல் வெளியிடுவதே வழக்கமாகிவிட்டது. 2014 நவம்பரில் ஹேலோவின் நான்கு பாகங்களைச் சேர்த்து மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் வந்தபோது, ஆட்டக்காரர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவிடும் அமைப்பே வேலை செய்யவில்லை. மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டது. முழுமையாகச் சீராவதற்கு 2018 வரை ஆனது. 2024 மார்ச்சில் ஆஸ்பயர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் கிளாசிக் கலெக்‌ஷனை வெளியிட்ட முதல் நாளில், கணினிப் பதிப்பில் ஆயிரக்கணக்கானோர் காத்துக்கிடக்க, 64 பேர் கொள்ளும் சர்வர்கள் மூன்றே இருந்தன. இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. 2023 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துக் கால் ஆஃப் டியூட்டி விளையாட்டுகளின் பழுதாகிக் கிடந்த இணைப்பு அமைப்பு சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்டது. புதுப் படங்கள் இல்லை, விளம்பரம் இல்லை. கதவு திறந்தது என்று தெரிந்ததும் கூட்டம் கூட்டமாக வந்து ஆடினார்கள். கூர்மையான படத்தைவிட ஆட ஆள் கிடைப்பதைத்தான் மக்கள் தேடுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மறுவெளியீடு பழையதை விழுங்கிவிடுவதும் உண்டு. 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3, பிரவுசிங் சென்டர் தலைமுறைக்கு நன்கு தெரிந்தது. டோட்டா என்ற விளையாட்டு அதன் ஆட்டக்காரர்கள் உருவாக்கிய வரைபடத்திலிருந்துதான் பிறந்தது. 2020 ஜனவரியில் ரீஃபோர்ஜ்டு என்ற பெயரில் பிளிசார்டு அதைப் புதுப்பித்தது. பழைய விளையாட்டில் இருந்த தரவரிசைப் பட்டியல், குழுக்கள் முதலியவை அதில் இல்லை. கொடுமை என்னவென்றால், புதியதை வாங்காமல் பழைய பதிப்போடு திருப்தியாக இருந்தவர்களும் இணையத்தில் ஆடப் புதிய மென்பொருளுக்கே மாற வேண்டியிருந்தது. 18 ஆண்டுகளாகத் தங்களிடம் இருந்ததை, கேட்காமலே இழந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் மட்டும் இது ஈடாகாது.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1997இல் வந்த குவேக் 2இன் மறுவெளியீடு 2023 ஆகஸ்டில் வந்தது. ஒரே திரையைப் பிரித்து ஆடலாம், லேனில் ஆடலாம், வெவ்வேறு கருவிக்காரர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடலாம். ஆள் கிடைக்காதபோது கணினியே எதிராளியாக நிற்கும். பழைய கணினிப் பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு இலவசம். எந்த சர்வர் நின்றாலும் இது சாகாது. இது செலவு அதிகம் பிடிக்கும் அதிசயமல்ல, முடிவெடுத்தால் நடக்கும் காரியம் என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அமெரிக்காவின் என்ஸெம்பிள் ஸ்டுடியோஸ் 1999இல் வெளியிட்டது. பின்னர் அந்நிறுவனமே மூடப்பட்டது. விளையாட்டு சாகவில்லை. ஆட்டக்காரர்கள் தாங்களாகவே புதிய பேரரசுகளைச் சேர்த்து ஒரு விரிவாக்கம் செய்தார்கள். அது 2013இல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது; அதில்தான் இந்தியர் என்ற ஓர் அணி முதன்முதலாக நுழைந்தது. 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷன், 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா. அதில் இந்தியர் என்ற ஒற்றை அணி பிரிக்கப்பட்டு, திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் ஆகியோர் தனி அணிகளானார்கள். திராவிடர் அணிக்குச் சுருள்வாள் வீரர்களும் திரிசடை என்ற போர்க்கப்பலும் உண்டு. ராஜேந்திர சோழனின் போர்கள் தனிக் கதைத் தொடராகவே வந்தன. 2023 தொடக்கத்தில் எக்ஸ்பாக்ஸிலும், 2025 மே மாதத்தில் பிளேஸ்டேஷன் 5இலும் இது வந்தபோது, மவுஸும் கீபோர்டும் வைத்து ஆடியதைக் கன்ட்ரோலரில் ஆடும்படி கட்டளைகளைப் புதிதாக அமைத்தார்கள். விரும்புகிறவர் கன்சோலிலும் மவுஸ் செருகிக்கொள்ளலாம். கணினிக்காரரும் கன்சோல்காரரும் ஒரே களத்தில் மோதலாம். முதல் பதிப்பு வந்து 23 ஆண்டுகள் கழித்துச் சோழர் கடற்படை ஒரு பழைய விளையாட்டுக்குள் வந்ததற்குக் காரணம், இடையில் அதைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் ஆட்டக்காரர்களுக்கு வழி இருந்தது.

ஆனால் தமிழ்நாட்டின் கேம் சென்டர்களில் நாற்காலி கிடைக்காமல் ஆடப்பட்ட விளையாட்டுகள் எவை? மறுவெளியீட்டுப் பட்டியலில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த டபிள்யூடபிள்யூஇ ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் தி பெயின், நால்வர் ஒரே மேடையில் மோதுவதற்காகவே வாடகை கொடுத்து ஆடப்பட்டது. அதை வெளியிட்ட டிஹெச்க்யூ 2012 இறுதியில் திவாலானது. மல்யுத்த உரிமம் 2013இல் வேறு நிறுவனத்துக்குப் போனது. அதிலுள்ள ஒவ்வொரு வீரரின் முகமும் பெயரும் நுழைவுப் பாட்டும் தனித்தனி உரிமைக்கு உட்பட்டவை. இப்படிச் சிதறிய உரிமைகளைத் திரும்பச் சேர்க்க யாரும் முன்வரவில்லை. 2006 நவம்பரில் வந்த இஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07இன் கதையும் இதேதான். அதற்குப் பிறகு அந்நிறுவனம் கன்சோலுக்குக் கிரிக்கெட் விளையாட்டே செய்யவில்லை. எல்லா அணிகளுக்கும் உரிமம் வாங்கப்படாததால், பல வீரர்கள் மாற்றுப் பெயர்களில்தான் அதில் இருந்தார்கள். ரசிகர்களே பெயர்களைத் திருத்தினார்கள். 2008இல் ஐபிஎல் தொடங்கியதும் அதன் அணிகளையும் சட்டைகளையும் மைதானங்களையும் சேர்த்தார்கள். ஒரே கீபோர்டின் இரு முனைகளில் இருவர் விரல் வைத்து ஆடிய அந்த விளையாட்டு இன்றுவரை உயிரோடிருப்பது ரசிகர்களின் உழைப்பால்தான்.

இதில் கசப்பான ஓர் உண்மை உண்டு. எதை மறுவெளியீடு செய்வது என்று நிறுவனங்கள் முடிவுசெய்வது பழைய விற்பனைக் கணக்கை வைத்து. தருமபுரியிலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் ஆடப்பட்டவை பெரும்பாலும் நகல் கேசட்டுகள், நகல் வட்டுகள். ‘9999 இன் 1’ என்று அட்டையில் போட்டு, உள்ளே ஒரு கை விரல்களுக்கு அடங்கும் விளையாட்டுகளையே திரும்பத் திரும்பக் காட்டிய கேசட்டுகள் எந்த நிறுவனத்தின் பேரேட்டிலும் ஏறவில்லை. ஆகவே இங்கே ஆடியவர்கள் கணக்கில் இல்லை. சட்டப்படி அந்த நகல்கள் தவறு. அசல் வட்டின் விலையும் கிடைக்காத நிலையும் அந்தத் தவறைத் தவிர வேறு வழி வைக்கவில்லை. அமெரிக்காவின் நினைவும் ஜப்பானின் நினைவும் திரும்பத் திரும்ப விற்கப்படுகின்றன. தமிழ்நாட்டுச் சிற்றூரின் நினைவுக்கு விலைச்சீட்டு இல்லை. அமெரிக்காவிலேயேகூட நிலைமை பெருமைப்படும்படி இல்லை. அங்கே 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

நகலெடுத்தவர்களால் பிழைத்த படைப்பு என்பது தருமபுரிக்குப் புதிதல்ல. பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் அஞ்சிக்கும் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் இங்கே நடந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு தொகுத்தவர் எடுத்துச் சேர்த்ததும், உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டியதுமான சில பாடல்களே எஞ்சின. ஓலையை யாராவது பார்த்து எழுதிக்கொண்டிருந்தவரை நூல் இருந்தது. எழுதுவது நின்றதும் போயிற்று. சர்வரை நம்பி வாழும் விளையாட்டின் நிலை இதைவிட மோசம். அதைப் பார்த்து எழுதிக்கொள்ளவே முடியாது. அதன் முக்கியப் பகுதி ஒருநாளும் ஆட்டக்காரரின் கைக்கு வந்ததில்லை.

முதல் எக்ஸ்பாக்ஸின் இணையச் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியபோது, ஹேலோ 2 ஆடிக்கொண்டிருந்த சிலர் கருவியை அணைக்காமலே வைத்திருந்தார்கள். இணைப்பு அறாதவரை ஆட்டம் தொடரும் என்பதால், ஏறக்குறைய ஒரு மாதம் வரை தாக்குப்பிடித்தார்கள். நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணைய ஆட்டம் 2024 ஏப்ரலில் நின்றது. அதற்குச் சில நாட்கள் முன், 2024 மார்ச் 31 அன்று, யூபிசாஃப்ட் தன் தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை மூடியது. 2014இல் வந்த அந்த விளையாட்டைத் தனியாக ஆடவும் சர்வர் வேண்டும் என்று அமைத்திருந்ததால், வாங்கியவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அதன் எதிர்வினையாக ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் மனுவுக்குத் தேவையான 10 லட்சம் கையெழுத்துகளை 2025 ஜூலையில் தாண்டியது. அவர்கள் கேட்பது சர்வரை என்றென்றும் ஓட்டுங்கள் என்பதல்ல. மூடும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பது. அழுத்தம் வீண்போகவில்லை: தி க்ரூ 2க்கு இணையமின்றி ஆடும் வழியை அதே நிறுவனம் 2025இல் திறந்தது.

இந்தியாவுக்கும் இந்த அனுபவம் உண்டு, கன்சோலில் அல்ல, செல்பேசியில். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு முடக்கிய 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. 2021 ஜூலை 2 அன்று பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் அது மறுவெளியீடு கண்டது. 2022 ஜூலையில் மீண்டும் மறைந்தது. 2023 மே மாதத்தில் திரும்பி வந்தது. தடையின் காரணங்கள் தரவுப் பாதுகாப்பும் நாட்டுப் பாதுகாப்பும் சார்ந்தவை. அவற்றின் நியாயம் தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது, கோடிக்கணக்கானோர் ஆடிய ஒரு விளையாட்டு ஓர் உத்தரவில் இல்லாமலும் இன்னோர் உத்தரவில் இருக்கவும் முடிந்தது என்பது. 1990களின் டேங்க் கேசட்டை யாராலும் அப்படி நிறுத்தியிருக்க முடியாது.

சட்டங்கள் இதைக் கவனிக்கவில்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் பணம் வைத்து ஆடுவதைப் பற்றியே கவலைப்படுகின்றன. பிள்ளைகள் கடனில் மூழ்கி உயிரை விட்ட மாநிலத்தில் அந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. ஆனால் முறையாக விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு ஒருநாள் நின்றுபோனால் வாங்கியவரின் நிலை என்ன என்று இரண்டும் பேசவில்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், டிஜிட்டலாக விற்கும்போது விற்பது பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே என்று தெளிவாகச் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்கப் பதிப்புரிமை விதிகள், உரிமம் சரிபார்க்கும் சர்வர் மூடப்பட்ட விளையாட்டை வாங்கியவரே சரிசெய்து ஆடிக்கொள்ள 2015 முதல் விலக்கு தருகின்றன. நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அந்த விலக்கு 2018இல் விரிவாக்கப்பட்டது. இந்தியாவில் கணினி நிரல் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இலக்கியப் படைப்பு. அதற்கேற்ற பாதுகாப்புக் கடமை மட்டும் இன்னும் வரவில்லை.

அந்தக் கடமைக்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். அவற்றில் ஒன்று சென்னை கன்னிமாரா. இந்தியாவில் விற்கப்படும் விளையாட்டுகளுக்கும் அதை நீட்டிக்கலாம்: வட்டு அல்லது கோப்பு, கையேடு, பூட்டுத் திறவுகோல், சேர்ந்து ஆடுவதாக இருந்தால் சர்வர் மென்பொருள். நிறுவனம் சர்வரை நிறுத்தும் நாள்வரை அதை நூலகம் மூடி வைத்திருக்கட்டும். நிறுத்திய மறுநாள் ஆட்டக்காரர்கள் எடுத்துச் சொந்தமாக நடத்திக்கொள்ளட்டும். அதுவரை பரண்களில் கிடக்கும் டிவி கேம் பெட்டிகள், நகல் கேசட்டுகள், மூடிய கேம் சென்டர்களின் பிளேஸ்டேஷன் 2 கருவிகள் ஆகியவற்றை மாவட்ட மைய நூலகங்கள் கேட்டு வாங்கி, ஒரு பழைய டிவியையும் இரண்டு கன்ட்ரோலர்களையும் இணைத்து வைக்க முடியும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, ஒரு மேசையும் ஒரு மின் இணைப்பும் போதும்.